எதிரே இருப்பவர் காதில் விழும்படி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிற நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாசியில் மண்டைக்காடு பகவதி அம்மன் கொடை விழா. அதே மாசி 20ஆம் தேதி அய்யா வைகுண்டர் அவதார தினம். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. யார் கும்பிடுகிற இடத்துக்காக விடுமுறை விட்டாலும், பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் லீவு. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்கள் ஏறத்தாழ 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47, முஸ்லிம்கள் 4. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இவ்வளவு சரிசமமாக வாழும் மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு கிடையாது. அதனால் மதச்சார்பின்மை நமக்கு டெல்லிச் செய்தியில் வரும் விஷயம் அல்ல. சாயாக்கடை பெஞ்சிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதை வைத்துத்தான் நாம் நாளைக் கழிக்கிறோம்.

ஆனால் நம் ஊரில் மதத்தைப் பற்றிய பேச்சு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. எல்லா மதத்தாரும் கூடியிருக்கும் இடத்தில் ஒரு பேச்சு. எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று சொல்லி, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து முடித்துவிடுவோம். நம் ஆட்கள் மட்டும் இருக்கும் இடத்தில் வேறு பேச்சு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஊர்க் கமிட்டி கூட்டம் கலைந்த பிறகு வாசலில் நின்று பேசுவதில், பக்கத்து ஊர்க்காரனைப் பற்றி, அவன் சாமியைப் பற்றி, அவன் பெற்றுப்போடும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றி என்னவெல்லாம் பேசப்படுகிறது என்று உங்களுக்கே தெரியும். முதல் பேச்சில் உண்மை இல்லை. இரண்டாவது பேச்சுக்கு மறுப்பு இல்லை. மறுக்க வேண்டியவர் அங்கே இருப்பதே இல்லையே. பேச்சுரிமையைப் பற்றி இன்று நாடெங்கும் நடக்கும் வாதத்தில் இந்த ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

மூத்தவர்கள் இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். "பேசாமல் இருப்பதால்தான் சண்டை இல்லாமல் இருக்கிறோம். பேசினால் மறுபடியும் 82தான்" என்பார்கள். 1982ஐக் கண்ணால் கண்டவர்கள் அப்படிச் சொன்னால் அதைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அந்த மார்ச் மாதம் முதல் தேதி, மண்டைக்காட்டுக் கொடை நேரம். கடற்கரையில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே தொடங்கிய தகராறு போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் நின்றது, உயிர்கள் போயின. அதற்கப்புறம் கடலோரத்திலும் உள்ளூர்களிலும் வீடுகள் எரிந்தன. குன்றக்குடி அடிகளார் அமைதி தேடி இங்கே வந்தார். நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ஆனால் அந்தக் கலவரத்தை ஊர் ஊராகச் சுமந்து போனது எது? வதந்தி. அங்கே இப்படிச் செய்துவிட்டார்களாம், இங்கே இத்தனை பேரை வெட்டிவிட்டார்களாம் என்று ஒவ்வொரு கூட்டமும் தன் ஆட்களிடம் மட்டும் சொல்லிக்கொண்ட பேச்சு. எதிர்த்தரப்பில் ஒருவர் பக்கத்தில் நின்று "அப்படி ஒன்றும் நடக்கவில்லையே, நான் அங்கிருந்துதான் வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் பாதி வதந்தி அங்கேயே செத்திருக்கும். ஆகவே 82 எனக்குச் சொல்லும் செய்தி, பேசாதே என்பது அல்ல. தனித்தனியாகப் பேசாதே என்பதுதான்.

நம் மண்ணின் பெரியவர்கள் யாரும் மறைவில் பேசிப் பெரியவர்கள் ஆனவர்கள் அல்ல. வைகுண்டர் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியை நீசனின் ஆட்சி என்றார், வெள்ளைக்காரனையும் விடவில்லை. காணிக்கையும் பலியும் வேண்டாம் என்றார். ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னார். சாமி சிலை இருக்கும் இடத்தில் நிலைக்கண்ணாடியை வைத்தார். அன்றைய கணக்கில் இதைவிட மத உணர்வைப் புண்படுத்திய செயல் இருக்க முடியுமா? 1838இல் பிடித்துக்கொண்டுபோய்த் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். மேலாடை போடும் உரிமைக்காகத் தெருவில் அடிபட்ட பெண்களின் கதையும் அப்படித்தான். வழிவழியாக வந்த ஆசாரத்தைக் கெடுக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம். 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனம் வருவதற்குள் அவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒடுக்கப்பட்டவர்களும் நடப்பதற்கு 1926இல் சத்தியாகிரகம். டாக்டர் எம்.ஈ. நாயுடு முன்னின்றார். பத்து வருடம் கழித்து, 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. இவர்கள் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய பக்தியைப் புண்படுத்தினார்கள். புண்பட்டவர்களும் பொய்யாக நடிக்கவில்லை, உண்மையாகவே புண்பட்டார்கள். அந்த வலியை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால், இன்று இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நம்மில் பாதிப்பேர் சுசீந்திரம் தேரோடும் வீதியில் கால் வைத்திருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. எந்தெந்தக் காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் அங்கேயே வரிசையாகச் சொல்லியிருக்கிறது: பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு, அவதூறு, இப்படி. மத உணர்வு என்பது அந்த வரிசையில் தனியாக இல்லை. மத உணர்வுக்கான சட்டம் அதற்கு முன்பே, 1927இல், வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 295அ. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆவது பிரிவு. மூன்று வருடம் வரை சிறை. 1957இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னபோதே ஒன்றைத் தெளிவாக்கியது. தெரியாமல், அலட்சியமாகப் பேசியது இதில் வராது. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு அவமதித்தால்தான் குற்றம். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நோக்கம் கெட்டதா நல்லதா என்று நீதிமன்றம் முடிவு செய்ய வருடங்கள் ஆகும். புகார் கொடுக்க ஒரு சாயங்காலம் போதும், கைது செய்ய வாரண்ட் வேண்டாம். தீர்ப்புக்கு முன்பே தண்டனை முடிந்துவிடுகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

2021இல் அருமனையில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் கூட்டத்தில் பேசிய பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு கொஞ்சமும் இல்லை. பூமாதேவியை, பாரத மாதாவைப் பக்கத்து வீட்டுக்காரர் தாயாகக் கும்பிடுவதை அப்படி ஏளனம் செய்யத் தேவையே இல்லை. அவர் கைதானார். வழக்கு மதுரைக் கிளைக்குப் போனபோது, இப்படிப் பேசுபவர் யார், எங்கே நின்று பேசுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பகுத்தறிவாளர் ஒருவர் விமர்சிப்பதும், ஒரு மதகுரு இன்னொரு மதத்தை இகழ்வதும் ஒன்றல்ல என்பது அதன் சாரம். இதில் பாதிதான் எனக்குச் சம்மதம். பதவியில் இருப்பவர் வாய்க்குக் கூடுதல் பொறுப்பு உண்டு, சரி. ஆனால் நான் கூடுதலாகக் கேட்க விரும்புவது, யார் காதில் விழும்படி பேசினார் என்பதை. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தப் பேச்சு செல்போனில் துண்டு வீடியோவாகத்தான் வந்து சேர்ந்தது. அந்தத் தாயைக் கும்பிடும் நாலு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அதே வார்த்தைகள் வாயில் வந்திருக்குமா? இதே கேள்வியைக் கொடை மேடைகளில் மதமாற்றம் பற்றி முழங்குகிறவர்களிடமும் கேட்க வேண்டும். பாதிரியார் ஒருவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். கேள்வியைக் கேளுங்கள், கடுமையாகவே கேளுங்கள். அவரும் பதில் சொல்லட்டும்.

இன்னொரு வகைப் பேச்சு உண்டு. அதற்கு ஆதரவாக வருகிறவர்கள் மிகக் குறைவு. தன் சொந்த மதத்தாரிடமே கேள்வி கேட்பவரின் பேச்சு. தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூல், தன் எழுத்துக்காக 2007இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்கள் வருடந்தோறும் விடிய விடியப் பாடப்படுகிற அதே தக்கலையில். ரசூல் 2017இல் காலமானார். அவர் எழுதியதோடு நீங்கள் உடன்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்யாணம், சாவு, பள்ளிவாசல், அடக்கத்தலம் எல்லாம் ஊரின் கையில் இருக்கும்போது, ஒருவரை ஊரை விட்டு விலக்குவது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். இது ஒரு மதத்தின் விவகாரம் மட்டும் அல்ல. திருவிழாக் கணக்கைக் கேட்டதற்காக ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பங்கள் கடற்கரை ஊர்களிலும் உண்டு, வரி வாங்காமல் தள்ளிவைக்கப்பட்டவர்கள் கோயில் ஊர்களிலும் உண்டு. மற்ற மதத்தார் இதைப் பார்த்துவிட்டு, அது அவர்கள் வீட்டுப் பிரச்சினை என்று நகர்ந்துவிடுகிறோம். அரசியல் சட்டம் தரும் மத உரிமை மதங்களுக்கு மட்டுமா, மனிதருக்கு இல்லையா? உள்ளேயிருந்து கேட்பவரைக் காக்காத மதச்சார்பின்மையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை என்ற பெயரைச் சொன்னால் நம் மாவட்டத்தில் நல்ல நினைவு வராது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது அவருடைய ஆட்சியில்தான். அந்தக் கணக்கை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அதே மனிதர் 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தின் முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் தீர்மானம் கொண்டுவந்தார். தாணுப்பிள்ளை எழுந்து, நான் கடவுளை நம்புகிறவன், ஆனாலும் இதை ஆதரிக்க மாட்டேன், இது நம்பிக்கை விஷயத்தில் கட்டாயப்படுத்துவதாகும், நம்பவும் நம்பாமல் இருக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்ற கருத்தைச் சொன்னார். ஓட்டு எடுத்தார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. தோற்றது. பக்தியுள்ளவர்கள் பக்தியுள்ளவர்களின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசினார்கள், அப்புறம் அதே சபையில் உட்கார்ந்து மீதி வேலையை முடித்தார்கள். நாட்டுப் பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது. அன்று அவர்களால் முடிந்தது.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. கொடைக்கும் சரி, தேவாலயத் திருவிழாவுக்கும் சரி, மின்கம்பந்தோறும் குழாய் கட்டுகிறோம். 2000ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் வழக்கில், ஒலிபெருக்கி வைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2005இல் இன்னும் ஒருபடி மேலே போய், பேச ஒருவருக்கு உரிமை இருப்பதுபோலக் கேட்க மறுக்க மற்றவருக்கும் உரிமை உண்டு என்றது. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை கூடாது. குழாயில் வரும் பேச்சுக்கும் பதில் பேச முடியாது, கவனித்தீர்களா? வாட்ஸ்அப் குழுவுக்கும் குழாய்க்கும் அந்த விதத்தில் வித்தியாசமே இல்லை.

திருவிழா நெருங்கினால், அல்லது ஏதாவது உரசல் வந்தால், தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போடுவது நம் வழக்கம். தாசில்தார், இன்ஸ்பெக்டர், இரண்டு தரப்புத் தலைவர்கள். அந்த நேரத்தில் அது தேவைதான். ஆனால் எல்லாரும் கோபத்தோடு வருகிறார்கள், கையெழுத்து போட்டுவிட்டுக் கோபத்தோடு போகிறார்கள். நான் கேட்பது, பிரச்சினை எதுவும் இல்லாத மாதத்தில் ஒரு கூட்டம். ஆடி மாதம் சாரல் பெய்து வேலை குறைவாக இருக்கும்போது, அரசுப் பள்ளி வராந்தாவிலோ ஊர் நூலகத்திலோ போடலாம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றின் கமிட்டியிலிருந்தும் ஆளுக்கு இரண்டு பேர் வரட்டும். கமிட்டியோடு ஒத்துப்போகாதவரும் ஒருவர் வரட்டும், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் வரட்டும். பெண்கள் பாதிக்குப் பாதி இருக்கட்டும். பொன்னாடை வேண்டாம், மைக்கும் வேண்டாம். புதிய வழிபாட்டுத் தலம் கட்டுவதில் என்ன பயம், மதமாற்றத்தில் என்ன வருத்தம், ஊர்வலப் பாதையில் என்ன எரிச்சல் என்று குழுவில் எழுதுவதை அங்கே சொல்லட்டும். எதிரே இருப்பவர் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்கட்டும். முதல் கூட்டம் சங்கடமாகத்தான் இருக்கும், யாராவது எழுந்து வெளியே போகவும் கூடும். போனவர் வீட்டுக்கு மறுநாள் போய், அடுத்த கூட்டத்துக்கு மறுபடியும் கூப்பிடுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.