மேலே கனல், கீழே கனல்

அன்பான வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு பாதி நாள் அடுக்களையில்தான். பன், ரொட்டி, கேக் எல்லாம் வீட்டிலேயே மாவிலிருந்து தொடங்கிச் செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டதுமே சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவ்வளவு பிரியமான வேலை இது.

இந்தப் பேச்சை எடுத்தால் அக்கம்பக்கத்தில் முதலில் வருகிற பதில், "எங்க வீட்டுல ஓவன் இல்லையே டீச்சர்" என்பதுதான். என் அம்மாவிடமும் ஓவன் இருந்ததில்லை. கனத்த இரும்புச் சட்டி ஒன்று இருந்தது. ஆற்று மணலைக் கழுவி வெயிலில் காயவைத்து, அந்தச் சட்டியில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி விறகடுப்பில் ஏற்றுவார். மணல் நன்றாகச் சூடானதும் மாவு ஊற்றிய தகர டப்பாவை அதன்மேல் வைத்து, சட்டியை ஒரு தகரத் தட்டால் மூடி, தட்டின்மேல் சிரட்டைக் கனலை, அதாவது தேங்காய் ஓட்டை எரித்த கனலை, அள்ளிப் போடுவார். இஸ்திரிப் பெட்டியில் போடுகிற அதே கனல். சூடு சரியா என்று பார்க்க ஒரு சிட்டிகை மைதாவைச் சின்னத் தட்டில் தூவிச் சட்டிக்குள் வைப்பார். நூறு எண்ணி முடிப்பதற்குள் அது இளம்பழுப்பானால் சரி. கருகினால் கனலைக் குறைப்பார், வெள்ளையாகவே இருந்தால் இன்னும் இரண்டு சிரட்டை. அவரிடம் இருந்த வெப்பமானி இவ்வளவுதான்.

மேலேயும் கனல் எதற்கு என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "கீழ மட்டும் தீ இருந்தா அது புட்டு மக்ளே, மேலயும் இருந்தாத்தான் கேக்கு" என்றார். அம்மா சொன்னதில் இருந்த அறிவியல் எனக்குக் கல்லூரிக்குப் போனபிறகுதான் விளங்கியது. புட்டு, இட்லி, வட்டயப்பம், இலைப்பணியாரம் எல்லாம் ஆவியில் வேகிறவை. இட்லிப் பானையின் ஆவி எவ்வளவு நேரம் எரித்தாலும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. புட்டு வெந்தாலும் வெள்ளையாகவே இருப்பது அதனால்தான். வறண்ட சூட்டில் மாவின் மேற்புறம் காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது, அதிலுள்ள புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறமும் அந்த மணமும் வருகின்றன. 1912-இல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்த வினையை விவரித்தார். பேக்கரி வாசலைக் கடக்கும்போது நம்மை நிறுத்துகிற மணம் இதுதான். அதை நம் வீட்டு வாசலுக்கும் வரவைக்கலாம்.

இரும்புச் சட்டியும் விறகடுப்பும் இல்லாத வீட்டில் குக்கர் போதும். அரைக் கிலோ கல்லுப்பைக் குக்கரில் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டை வையுங்கள். மூடியிலிருந்து காஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். அதைச் செய்யாமல் ஒருநாளும் அடுப்பில் ஏற்றாதீர்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. நடுத்தரத் தீயில் பத்து நிமிஷம் காய்ந்ததும் மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, தீயை நன்றாகக் குறைத்து மூடிவிடுங்கள். மேலே கனல் இல்லாததால் கேக்கின் மேற்புறம் வெளிறித்தான் இருக்கும். தட்டில் கவிழ்த்து வைத்தால் பழுப்பான அடிப்பக்கம் மேலே வந்துவிடும். உப்புக்குப் பதில் மணல் போடுகிறவர்கள் ஆற்று மணலே எடுங்கள், கடல் மணல் வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடல் மணலில் இல்மனைட், மோனசைட் என்று பல தாதுக்கள் கலந்திருக்கின்றன. அது அடுக்களைக்கு ஆகாது.

எதைச் சுடுவது? நான் எப்போதும் முதலில் சொல்லித் தருவது பழக் கேக்கைத்தான். நம் மாவட்டத்தில் வாழைப்பழம் இல்லாத வீடு ஏது? மட்டிப்பழம், ஏத்தன்பழம் என்கிற நேந்திரம்பழம், செந்துளுவன் என்று எத்தனை வகை! கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் வீட்டுப் பழத்துக்கே பரிசு கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன். ஆனால் கேக்குக்கு நான் எடுப்பது ஏத்தன்தான். தோல் முக்கால்வாசி கறுத்து, இனி யாரும் தொடமாட்டார்கள் என்று தோன்றும்போது எடுக்க வேண்டும். அப்போதுதான் மாவுச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். மட்டிப்பழத்தை அதன் மணத்துக்காகச் சும்மா உரித்துத் தின்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மைதா அல்லது கோதுமை மாவு 250 கிராம். உரித்து மசித்த பழம் 250 கிராம். கருப்பட்டி 150 கிராம். தேங்காய் எண்ணெய் 75 மில்லி. புளித்த தயிர் 75 மில்லி. முட்டை இரண்டு. சோடா உப்பு தலைதட்டி முக்கால் தேக்கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு, நாலு ஏலக்காய், இரண்டே இரண்டு கிராம்பு பொடித்தது. கருப்பட்டியை 50 மில்லி தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் முட்டை அங்கேயே வெந்துவிடும்.

தயிர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சோடா உப்பு பொங்க ஒரு புளிப்பு வேண்டும். புளிப்போடு சேரும்போதுதான் அது கரியமில வாயுவை நன்றாக விடும், மாவு எழும்பும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள். அதனால் கருப்பட்டியின் புளிப்பை நம்பிச் சோடாவைப் போட முடியாது. தயிர் இல்லாமல் செய்தாலோ சோடா கூடிப்போனாலோ கேக்கில் சோப்பு ருசி வந்துவிடும். அம்மா ஒரு கரண்டி மோர் விடுவார். காரணம் தெரியாது, ஆனால் விடாமல் இருந்ததில்லை.

ஈரமான பொருட்களையெல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டு, சோடா கலந்து சலித்த மாவைக் கடைசியில் சேருங்கள். சேர்த்த பிறகு மாவு தெரியாமல் மறைகிற வரை கிளறினால் போதும். அழுத்தி அழுத்திக் கிளறினால் மாவிலுள்ள பசைச்சத்து இழுபட்டு, கேக் ரப்பர் ஷீட் மாதிரி ஆகிவிடும். ரப்பர் ஷீட் எப்படி இருக்கும் என்று ரப்பர் விளைகிற குலசேகரம், அருமனை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலந்ததும் உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள், காத்திருந்தால் வாயு போய்விடும். நாற்பது நிமிஷம் திறக்காதீர்கள். அப்புறம் ஒரு ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம்.

இந்தப் பழக் கேக்கோடு எனக்கு ஒரு நினைவு சேர்ந்திருக்கிறது.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் அடித்த நாளை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் தரையோடு தரையாகக் கிடந்தன. மின்சாரம் வர எங்கள் தெருவுக்கு நாட்கள் ஆயின. என் மின்சார ஓவன் மூலையில் சும்மா இருந்தது. சாய்ந்த வாழைகளிலிருந்து வெட்டின குலைகளைத் தெருவில் எல்லாரும் பங்கிட்டுக்கொண்டோம். ஒரு வாரத்தில் அத்தனையும் ஒன்றாகப் பழுத்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் பழ வாசம், தின்ன ஆளில்லை.

அப்போதுதான் பரணிலிருந்து அம்மாவின் இரும்புச் சட்டியை இறக்கினேன். முப்பது வருஷம் ஆகியிருக்கும் அதைத் தொட்டு. துரு போகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தோம். பக்கத்து வீட்டு மைனி சிரட்டை கொண்டுவந்தாள், அவள் மகன் மணல் அள்ளி வந்தான். முதல் கேக்கின் அடி கரிந்தது. நூறு எண்ண மறந்துவிட்டேன். இரண்டாவது நன்றாக வந்தது. அன்றைக்கு ஆறு சுட்டோம்.

அதில் இரண்டை எடுத்துக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனேன். என்னிடம் படித்த பெண்ணின் வீடு. அவளுடைய அண்ணன் கடலுக்குப் போய் அதுவரை திரும்பவில்லை. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. டப்பாவை நீட்டினேன். அவளுடைய அம்மா வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மகளைப் பார்த்து, "டீச்சருக்குக் கட்டஞ்சாயா போடு" என்றார். எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு வெட்டி வைத்தார்கள். இரண்டு நாளாக எதுவும் இறங்கவில்லை என்று சொன்ன அந்த அம்மா, ஒரு துண்டைச் சாயாவில் நனைத்து நனைத்து முழுவதும் தின்றார்.

அடுத்து, தேங்காய் பன். ஈஸ்ட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஆப்ப மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்ப மாவுக்குக் கள் விடுகிற வழக்கம் நம்மூரில் இருந்தது. கள்ளில் இருப்பதும் ஈஸ்ட்தான். சர்க்கரையைத் தின்று வாயுவை விடும், மாவு பொங்கும். அரைக் கிலோ மைதாவுக்கு 7 கிராம் உலர் ஈஸ்ட், 50 கிராம் சீனி, 50 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, பிசைய 300 மில்லிக்குள் பால். பாலில் விரலை வைத்தால் இதமாக இருக்க வேண்டும். சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். கையில் ஒட்டுகிறதே என்று மேலே மேலே மாவைத் தூவாமல் பத்து நிமிஷம் விடாமல் பிசையுங்கள், தானாகவே வழுவழுப்பாகிவிடும். ஒரு சின்ன உருண்டையைக் கிழியாமல் மெல்லிசாக விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிய வேண்டும். அதுதான் பதம்.

இதில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். சித்திரை மாதத்தில் முக்கால் மணி நேரத்தில் இரட்டிப்பாகும். ஐப்பசி மழையில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்றில் எப்போதும் ஈரம். மைதா அந்த ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஆகையால் பாலை ஒரே தடவையில் ஊற்றாமல் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பூரணத்துக்குத் தேங்காய்த் துருவல், சீனி, ஏலக்காய், நாலு அண்டிப்பருப்பு, அதாவது முந்திரிப்பருப்பு. உருட்டி வைத்து இன்னும் அரை மணி நேரம் விட்டு, மேலே பால் தடவிச் சுடலாம். ஓவன் இருந்தால் 180 டிகிரியில் இருபது நிமிஷம்.

இனிப்பு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீனும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பிய கிழங்கு இது. நம் ஊர்கள் அன்று திருவிதாங்கூரில்தானே இருந்தன. கிழங்கை நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிட வேண்டும். அதில்தான் கட்டு, அதாவது கிழங்கின் நச்சு, இருக்கிறது. தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், சின்ன உள்ளி அரைத்துச் சேர்த்து மசியுங்கள். சூரை மீனை அவித்து உதிர்த்து, கறிவேப்பிலையும் நல்லமிளகும் போட்டு வதக்குங்கள். வாட்டிய வாழையிலையைப் பாத்திரத்தில் விரித்து, கிழங்கு, மீன், மறுபடி கிழங்கு என்று அடுக்கி, மேலே கட்டியான தேங்காய்ப்பால் விட்டு அரை மணி நேரம் சுட்டால், மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே குழைவாகவும் வரும். மழை பெய்கிற ராத்திரிக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றி நேரம் இருக்கிற வரை இரண்டு வார்த்தை. உலர்ந்த முந்திரிப்பழம் (நம்மூரில் திராட்சைக்கு அதுதான் பெயர்), பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, வீட்டில் போட்ட முந்திரி வைனிலோ, அது வேண்டாம் என்பவர்கள் ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறவையுங்கள். சாற்றில் என்றால் குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி மட்டும். சீனியைக் கருக்கும்போது செம்பு நிறம் தாண்டிப் புகை எழும்புகிற நேரத்தில் வெந்நீர் விட வேண்டும். அப்போது தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கிராம்பு நம் மலையில் விளைந்ததை வாங்குங்கள். கன்னியாகுமரி கிராம்புக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அதில் எண்ணெய் அதிகம், பாதி அளவு போதும்.

ஒவ்வொரு டிசம்பரிலும் மற்றதையெல்லாம் மின்சார ஓவனில் சுட்டாலும், ஒரு பழக் கேக்கை மட்டும் அம்மாவின் சட்டியில் சிரட்டைக் கனல் போட்டுச் சுடுகிறேன். அது அந்தக் கடற்கரை வீட்டுக்கு. டப்பாவை அந்த அம்மா ஒருநாளும் வெறுமனே திருப்பித் தந்ததில்லை. போன தடவை உள்ளே நெத்திலிக் கருவாடு வாழையிலையில் பொதிந்து இருந்தது. டப்பாவை இரண்டு தடவை கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். சிரட்டையும் சேர்த்து வைத்தாயிற்று.

வணக்கம்.