பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்களாமே?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டும் வீடியோ இல்லை, கேமராவை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்து பேசப் போகிறேன். பின்னால் துணி காய்வதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

அகதியாக வந்த குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் ஆட்களும் சரி, ஜெர்மன்காரர்களும் சரி, "பெரியவர்களுக்குத்தான் கஷ்டம், பிள்ளைகள் ஆறே மாதத்தில் பழகிவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. இங்கே ம்யூனிக்கில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் ஓர் இடத்துக்கு வார இறுதியில் போய்வருகிறேன். சிரியா, ஆப்கானிஸ்தான், இப்போது உக்ரைன் பிள்ளைகளும் வருகிறார்கள். 2015 செப்டம்பரில் இதே ஊர் ரயில் நிலையத்தில்தான் ஆயிரக்கணக்கான பேர் வந்து இறங்கினார்கள், மக்கள் கைதட்டி வரவேற்றார்கள், குழந்தைகள் கையில் கரடி பொம்மை கொடுத்தார்கள். அந்த வருடம் மட்டும் ஜெர்மனிக்கு வந்தவர்கள் சுமார் 8.9 லட்சம் பேர். பொம்மை கொடுத்ததை எல்லா டிவியும் காட்டியது. அந்தப் பிள்ளை அப்புறம் வகுப்பறையில் பட்ட பாட்டை யார் காட்டினார்கள்?

சின்ன விஷயத்திலிருந்து வருகிறேன். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு பையன் கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் அவன் ஊரில் சைபரை வெறும் புள்ளியாகத்தான் வைப்பார்கள். பழக்கதோஷத்தில் முப்பது என்று எழுதும்போது மூன்று போட்டு ஒரு புள்ளி வைத்துவிடுவான், திருத்துகிறவருக்கு அது வெறும் மூன்று. சரி, இது ஒரு மாதத்தில் சரியாகிவிடும். சரியாகாதது வேறொன்று இருக்கிறது.

ஒரு சிரியச் சிறுமி, நாலாம் வகுப்பு. தோழிகளோடு ஜெர்மனில் சண்டை போட்டால் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன், அத்தனை வேகம், அதுவும் ம்யூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்து உச்சரிப்பில். அவளிடம் ஒரு கணக்கு வந்தது: தொட்டியில் 480 லிட்டர் தண்ணீர், அதில் கால் பங்கு வடிந்துவிட்டது, மீதி எவ்வளவு? நான்கு வரியில் சுற்றி வளைத்து எழுதியிருந்தார்கள். திரும்பத் திரும்பப் படித்துவிட்டு பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். நான் படம் போட்டுக் காட்டினேன், நான் பேசி முடிப்பதற்குள் "360" என்றாள். கணக்கு அவளுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. ஜிம் கம்மின்ஸ் என்ற கனடாவில் இருக்கும் மொழிக் கல்வி ஆராய்ச்சியாளர் 1970களின் கடைசியிலேயே இதைப் பிரித்துக் காட்டினார். விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழி ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தகத்து மொழி கைவர ஐந்திலிருந்து ஏழு வருடம் பிடிக்கும் என்றார். வெளியே நின்று கேட்கும் நமக்கு முதலாவது மட்டும்தான் காதில் விழுகிறது.

இப்போது பவேரியாவின் பள்ளி முறையை இதோடு சேர்த்துப் பாருங்கள். நாலாம் வகுப்பிலேயே, பத்து வயதில், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்று பிரித்துவிடுகிறார்கள். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூன்றின் சராசரி 2.33க்குள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கொண்டுபோகும் கிம்னாசியம், 2.66க்குள் என்றால் நடுத்தரப் பள்ளியான ரியால்ஷூலே, இல்லையென்றால் தொழிற்பயிற்சிக்குத் தயார் செய்யும் மிட்டல்ஷூலே. இங்கே 1 தான் முதல் தரம், 6 கடைசி, நம் ஊருக்குத் தலைகீழ். தாமதமாக வந்த பிள்ளைகளுக்குச் சில தளர்வுகள் உண்டு, பிறகு ஏறி வர வழியும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எட்டு வயதில் வந்த பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு வருடம், அதிலும் வந்த முதல் மூன்று மாதம் பள்ளிக்கூடக் கட்டாயமே கிடையாது. ஐந்து வருடம் தேவைப்படும் ஒன்றை இரண்டு வருடத்தில் அளந்து பார்த்துவிட்டு "இவளுக்குப் படிப்பு சுமார்தான்" என்று முடிவு கட்டினால் அது யார் குற்றம்?

வீட்டில் வேறு கதை. அப்பா அம்மாவுக்கு ஜெர்மன் வராது, அதனால் வருகிற அரசாங்கக் கடிதம் எல்லாம் பிள்ளை கையில்தான். டாக்டரிடம் போனாலும் அதேதான், மொழிபெயர்ப்பாளருக்குக் காப்பீடு பொதுவாகப் பணம் தருவதில்லை. தன் அம்மாவின் உடம்புக்கு என்ன என்று பதினோரு வயதுப் பையன் டாக்டருக்கு விளக்குவதை யோசித்துப் பாருங்கள், அதுவும் அம்மா அவனிடம் சொல்லவே கூசுகிற விஷயமாக இருந்தால்? (ஆசிரியர் திட்டி எழுதியனுப்பிய சீட்டையும் அவனே படித்து "உங்கள் மகன் பிரமாதம் என்று எழுதியிருக்கிறார்" என்று சொல்லிவிடுவான், அதில் எனக்குச் சிரிப்புதான் வரும்.) 80களில் கிழக்கு பெர்லின் வழியாக வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளைக் கேளுங்கள், இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார்கள், தாங்களும் இதே வேலையைப் பார்த்ததாகத்தான் சொல்வார்கள்.

இன்னும் இருக்கிறது. பள்ளியில் நீச்சல் வகுப்பு உண்டு, ரப்பர் படகில் ஏஜியன் கடலைத் தாண்டி வந்த பிள்ளை தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறது, டீச்சருக்குக் காரணம் தெரியாது. டிசம்பர் 31 இரவு ஊரே வெடி வெடிக்கும், அதைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. அப்புறம், முழு அகதி அந்தஸ்து இல்லாமல், ஊருக்குத் திரும்பினால் ஆபத்து என்பதற்காகத் தங்க அனுமதி கிடைத்தவர்கள் (இதற்குத் துணைப் பாதுகாப்பு என்று பெயர்) குடும்பத்தை அழைத்துக்கொள்வதை 2016 மார்ச்சிலிருந்து 2018 ஜூலை வரை நிறுத்தியிருந்தார்கள், 2025இல் மறுபடியும் இரண்டு வருடத்துக்கு நிறுத்திவிட்டார்கள். அம்மா துருக்கியில் மாட்டிக்கொண்டிருக்க, இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "கவனம் சிதறுகிறது" என்று எழுதுவதில் என்ன ஆச்சரியம்?

ம்யூனிக் பக்கம் இருப்பவர்கள், உங்கள் ஏரியாவில் வீட்டுப்பாட உதவி எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். ஜெர்மன் சரியாக வராதே என்று தயங்க வேண்டாம், தொட்டியைப் படம் போட்டுக் காட்ட என் அரைகுறை ஜெர்மனே போதுமாக இருந்தது. பிள்ளைகளோடு வேலை செய்ய போலீஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள், தன்னார்வலர்களுக்கு அது இலவசம், வந்துசேரக் கொஞ்ச நாளாகும். செப்டம்பரில் பள்ளி திறக்கிறது, இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.