முக்காடும் சாட்சிக் கூண்டும்

(கீழக்கரையில் பெண்களுக்காக நடந்த ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

உம்மாமார்களே, தங்கச்சிகளே, பின்னால் நின்று கேட்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து வக்கீலானவள். எங்கள் அம்மா ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயில் படியில் கால் வைக்கும்போதே சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். பூசை முடிந்து வெளியே வரும்வரை அது நழுவாது. ஓரியூர் திருவிழாவில் பார்த்தால் அத்தனை பெண்கள் தலையிலும் அப்படித்தான் இருக்கும். இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுகிற வடநாட்டுப் பெண்களும் ஈரச் சேலையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டுதான் கரையேறுவார்கள். அதனால் முக்காடு என்பது முஸ்லிம்கள் நிறைந்த கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் மட்டும் உரிய விஷயம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இந்தக் கரையில் எல்லாருக்கும் அது தெரிந்த மரியாதை.

அப்படிப்பட்ட முக்காடு கோர்ட் வாசலில் மட்டும் ஏன் மரியாதைக்குறைவாகிவிடுகிறது? இன்றைக்கு அதைப் பேசத்தான் வந்தேன்.

நான் ஜூனியராக இருந்த காலத்தில் நடந்தது. பாகப்பிரிவினை வழக்கு. எந்தக் கோர்ட் என்று சொல்லவில்லை. எங்கள் தரப்பில் சாட்சி சொல்ல ஒரு உம்மா வந்திருந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் துப்பட்டி, முகம் நன்றாகத் தெரிகிறது. கூண்டில் ஏறினதும் "தலையில இருக்கிறத எடும்மா" என்று ஒரு குரல். நீதிபதி சொல்லவில்லை, அவர் வழக்குக் கட்டில் குனிந்திருந்தார். சொன்னவர் ஓர் ஊழியர். உம்மா என்னைப் பார்த்தார். நான் சீனியரைப் பார்த்தேன். அவர் ஏதோ பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். உம்மா துணியைத் தோளுக்கு இறக்கிவிட்டார்.

அதற்கப்புறம் அவருக்குப் பேச்சே வரவில்லை. முந்தின நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து நான் கேட்டபோது, வடக்கே யாருடைய தோப்பு, தெற்கே எந்தப் பாதை என்று செக்குபந்தி முழுவதையும் பத்திரத்தைப் பார்க்காமலே சொன்னவர் அவர். குறுக்கு விசாரணையில் அதே கேள்விகளுக்கு, ஒரு கையால் நரைத்த முடியை மறைத்துக்கொண்டு, "தெரியாது", "ஞாபகமில்லை" என்றார். டைப் அடித்த வாக்குமூலத்தில் அந்த இரண்டு வார்த்தைகள்தான் இருக்கின்றன. ஏன் தெரியாமல் போனது என்று அதில் இல்லை. மேல்முறையீட்டுக்குப் போனால் மேல்கோர்ட் நீதிபதி படிப்பதும் அந்தக் காகிதத்தைத்தான்.

நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எந்தச் சட்டத்தைச் சொல்லி எழுவது என்று தெரியாததால் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ராத்திரிதான் புத்தகத்தை எடுத்தேன்.

கோர்ட்டில் உடுப்பு விதி யாருக்கு? வக்கீலுக்கு. 1961ஆம் வருடத்து வழக்கறிஞர்கள் சட்டத்தின் 49ஆவது பிரிவின் கீழ் இந்திய பார் கவுன்சில் எழுதிய விதி அது. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் காலர், கழுத்துப் பட்டை, உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் கவுன். பெண் வக்கீலின் ஜாக்கெட் கை முழுசா அரையா, சேலை என்ன நிறம், அதில் பூவேலை இருக்கலாமா, சுடிதாருக்குத் துப்பட்டா உண்டா இல்லையா என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். ஆண்கள் வேட்டி கட்டலாம், ஜீன்ஸ் கூடாது. வெயில் காலத்தில் கீழ்க்கோர்ட்டில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. நம்மூர்ச் சித்திரை வெயிலில் அந்த வரியை எழுதியவர்களுக்கு நான் வருடாவருடம் நன்றி சொல்கிறேன். இவ்வளவு எழுதியவர்கள் முக்காட்டைப் பற்றி, தலைப்பாகையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பெண்கள் கோட்டோடும் பட்டையோடும் பாரம்பரிய உடை உடுத்தலாம் என்றும் அதே விதி சொல்கிறது.

சாட்சியும் கட்சிக்காரரும் என்ன உடுத்த வேண்டும் என்று அந்த விதியில் எதுவுமே இல்லை. அது அவர்களுக்காக எழுதியதே இல்லை. அப்படியானால் அன்றைக்கு அந்த ஊழியர் எந்த விதியைச் சொன்னார்? பழக்கத்தைச் சொன்னார். கிராமத்துப் பெரியவர் கோர்ட் வராண்டாவில் ஏறும்போதே தலை உருமாலை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்கிறாரே, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடிக்கிறாரே, அதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

அந்தத் துண்டின் கதை நம் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 1930இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதி திராவிடர்களுக்கு ஆதிக்கச் சாதியார் தடைகள் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே துணி கூடாது, சட்டை, பனியன் கூடாது, பெண்களும் மேலுடம்பை மூடக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். இன்னொருவர் உடம்பில் எந்தத் துணி எங்கே இருக்கலாம் என்று கட்டளை போடுவது இந்த மண்ணில் என்னவாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த வாடை கோர்ட்டுக்குள் வரக் கூடாது. என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன், உருமாலை அவிழ்க்கிற பெரியவரைப் பார்க்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

தலையை மூடுவது நீதிமன்றத்துக்கு ஆகாது என்றால் முதலில் நீதிமன்றத்தின் தலையைப் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் வெள்ளிக்கோல் பிடித்து நடக்கிற சோப்தார் தலையில் என்ன இருக்கிறது? தலைப்பாகை. அந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயரின் தலையிலும் தலைப்பாகைதான். 2017இல் இந்தியத் தலைமை நீதிபதியான கேஹர் சீக்கியர். தலைப்பாகையோடுதான் தீர்ப்புகளை வாசித்தார். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி, பிறகு நம் மாநிலத்துக்கு ஆளுநராகவும் வந்தவர், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி இருக்கிற படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்தக் கறுப்புக் கவுனை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தில் தலையில் விக் இல்லாவிட்டால்தான் தப்பு என்று இருந்தது. 2008இல்தான் சிவில் வழக்குகளில் அதை விட்டார்கள். அங்கே சீக்கிய வக்கீல் விக்குக்குப் பதில் தலைப்பாகை கட்டுகிறார், முஸ்லிம் பெண் வக்கீல் முக்காடு போடுகிறார்.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. கனடாவின் கியூபெக்கில் 2015இல், பறிமுதலான காரைக் கேட்டு ஒரு பெண் கோர்ட்டுக்குப் போனார். முக்காட்டை எடுத்தால்தான் வழக்கைக் கேட்பேன் என்றார் நீதிபதி. அவர் எடுக்கவில்லை, வழக்கு நடக்கவில்லை. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. போஸ்னியாவில் தொப்பியைக் கழற்றாத ஒரு சாட்சிக்கு அபராதம் போட்டு, அதைக் கட்டாததால் 30 நாள் சிறையில் வைத்தார்கள். அது தப்பு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல் சொன்னது. அரசு வக்கீல், போலீஸ், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்றவர்கள் வேலையில் இருக்கும்போது மதச் சின்னம் அணியக் கூடாது என்று 2019இல் கியூபெக் சட்டமே போட்டது. அரசின் நாற்காலியில் உட்காருபவர் யார் பக்கமும் சாயாதவராகத் தெரிய வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேஹரின் தலைப்பாகையைப் பார்த்து அவர் தீர்ப்பைச் சந்தேகப்பட்டவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

கர்நாடகப் பள்ளி வழக்கைக் கேட்பீர்கள். அது மாணவிகளின் சீருடை பற்றியது. உச்ச நீதிமன்றத்தில் 2022 அக்டோபரில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அதைக் கோர்ட் வாசலில் யாரும் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது.

இப்போது, உங்களில் சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தலை வேறு, முகம் வேறு. 2024 நவம்பரில் காஷ்மீர் உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு வக்கீலாக ஆஜரானார். முகத்தைக் காட்டச் சொன்னபோது மறுத்தார். ஆளை அடையாளம் காண வழியில்லாமல் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். முகத்தை மூடி ஆஜராக பார் கவுன்சில் விதியில் இடமில்லை என்று டிசம்பரில் பதிவும் செய்தது. அது சரி என்றே நினைக்கிறேன். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் எதிரே நிற்கிறார் என்று நீதிபதிக்குத் தெரிய வேண்டாமா?

சாட்சிக்கும் இது ஓரளவு பொருந்தும். சாட்சி எப்படிப் பதில் சொல்கிறார், தடுமாறுகிறாரா என்று நீதிபதி குறித்துவைக்கலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டம் 18ஆவது கட்டளையிலேயே இருக்கிறது. அதற்கு முகம் வேண்டும், முடி வேண்டாம். உங்கள் பாஸ்போர்ட்டை நினைத்துப் பாருங்கள். கொழும்புக்கும் துபாய்க்கும் போய்வருகிற ஊர் இது, பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைவு. மதக் காரணம் இருந்தால் படத்தில் தலையை மூடியிருக்கலாம், நாடியிலிருந்து நெற்றிவரை தெரிந்தால் போதும் என்கிறது அரசு. ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டப் போதுமான அடையாளம் சாட்சிக் கூண்டில் ஏறவும் போதும்.

கூண்டில் ஏறவே முடியாது என்கிற பெண்களுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1908ஆம் வருடத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், 132ஆவது பிரிவு. ஊர் வழக்கப்படி வெளியே வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாத பெண்கள் நேரில் ஆஜராக வேண்டியதில்லை. கமிஷனரை வீட்டுக்கு அனுப்பி அங்கேயே சாட்சியத்தைப் பதியலாம். கோஷா பெண்கள் என்று பழைய வக்கீல்கள் சொல்வார்களே, அவர்களுக்கானது. ஆனால் என் உம்மா வீட்டிலிருந்து சொல்ல வரவில்லை. தன் வாப்பாவின் நிலத்தைப் பற்றி, நீதிபதி முன்னால் நின்று, தன் வாயால் சொல்ல வந்தார். முக்காட்டோடு வருகிறவளுக்கும் அதே கூண்டில் இடம் வேண்டும்.

அதனால், சாட்சி சொல்லப் போகிறவர்கள் முந்தின நாளே உங்கள் வக்கீலிடம் இதைச் சொல்லிவையுங்கள். முகம் மூடுகிறவராக இருந்தால் ஒரு பெண் ஊழியர் தனியாகப் பார்த்து அடையாளத்தைச் சரிபார்க்கட்டும் என்று மனுப் போடச் சொல்லுங்கள். கூண்டில் யாராவது முக்காட்டை எடுக்கச் சொன்னால் ஊழியருக்குப் பதில் சொல்ல வேண்டாம். நீதிபதியைப் பார்த்து, "ஐயா, என் முகம் தெரிகிறது, இப்படியே சொல்கிறேன்" என்று கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் வருடத்துச் சட்டம். இராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். எண்ணைப் பலகையில் எழுதியிருக்கிறேன், போகும்போது குறித்துக்கொள்ளுங்கள்.