வால்பக்கத்து பிரஷ்

அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரு மெட்ரோவின் பிங்க் லைனுக்காக டெய்ரி சர்க்கிளில் இருந்து நாகவாரா வரை பூமிக்கடியில் சுமார் 14 கிலோமீட்டருக்குச் சுரங்கம் போட்டார்கள். 9 இயந்திரங்கள் அதில் வேலை செய்தன. தோண்டும் வேலை 2024 அக்டோபர் கடைசியில் முடிந்தது. சென்னையில் இரண்டாம் கட்டத்துக்காக 2022இல் மாதவரத்தில் ‘நீலகிரி’ என்ற இயந்திரம் இறங்கியது. நம் ஓசூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகளும் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இந்த மாதிரி வேலைகளுக்குப் போகிறார்கள். இந்த இயந்திரங்களுக்கு உதிரிபாகம் தேர்ந்தெடுப்பதும், வந்து இறங்கியதைச் சோதித்துப் பார்ப்பதும்தான் என் வேலை. அதனால் எல்லோரும் பேசுகிற முன்பக்கத்தை, அதாவது பாறையை அரைக்கும் கட்டர் ஹெட்டை விட்டுவிட்டு, வால்பக்கத்தில் இருக்கும் பிரஷ்ஷைப் பற்றிச் சொல்கிறேன்.

சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒரு பெரிய இரும்பு உருளை. மெட்ரோவுக்குப் பயன்படுவது சுமார் ஆறரை மீட்டர் விட்டம் இருக்கும். முன்னால் தோண்டிக்கொண்டே போகும்போது, அதன் வால்பகுதிக்கு உள்ளேயே கான்கிரீட் செக்மென்ட்டுகளை, அதாவது வளைந்த துண்டுகளை, ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒரு முழு வளையம் கட்டுவார்கள். அந்த வளையத்தில் ஜாக்கிகளை ஊன்றித்தான் இயந்திரம் தன்னை முன்னே தள்ளிக்கொள்கிறது. இயந்திரம் நகர நகர, கட்டிய வளையம் வாலில் இருந்து வெளியே போய் மண்ணுக்குள் தங்கிவிடும். உருளைக்குள் கட்டிய வளையம் உருளையைவிடச் சற்றுச் சிறியதாகத்தானே இருக்கும்? அதனால் இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் சில சென்டிமீட்டர் இடைவெளி விழுகிறது. வெளியே நிலத்தடி நீர் இருக்கிறது. வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே அந்தச் சந்தை நிரப்ப அழுத்தத்தோடு செலுத்திய கிரவுட், அதாவது இறுகிப்போகும் சிமென்ட் கலவை, இருக்கிறது. இரண்டுமே அந்த இடைவெளி வழியாக உள்ளே வரப் பார்க்கும். அவற்றைத் தடுத்து நிறுத்துவதுதான் டெயில் பிரஷ்.

இந்த பிரஷ் துண்டு துண்டாக வரும். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் ஒரு சாண் அகலம் இருக்கும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எஃகுக் கம்பிகள் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக நிற்கும். இருபுறமும் ஸ்பிரிங் எஃகுத் தகடுகள். சில தயாரிப்புகளில் நடுவே கம்பிவலை அடுக்குகளும் உண்டு; கிரீஸ் பிடித்து நிற்க அது உதவும். அடியில் எல்லாவற்றையும் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டம். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நூறு துண்டுகள் அளவில் வைத்தால்தான் 20 மீட்டர் சுற்றளவுக்கு ஒரு வரிசை ஆகும். பொதுவாக மூன்று வரிசை வைப்பார்கள். தண்ணீர் அழுத்தம் அதிகமென்றால் நான்கு.

வரிசைகளுக்கு நடுவே இருக்கும் அறையில் பம்ப் வைத்து ஓயாமல் கிரீஸ் செலுத்துவார்கள். வெளியே இருக்கும் அழுத்தத்தைவிட அறைக்குள் கிரீஸ் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே சுரங்கம் போனால் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே 2 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு. கிரவுட் அழுத்தம் அதற்கும் மேலே இருக்கும். கம்பிகளுக்கு நடுவே சந்து இருக்கத்தான் செய்யும். அந்தச் சந்தை அடைப்பது கிரீஸ். கம்பியின் வேலை அந்த கிரீஸை ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பல இடங்களில் பிரஷ்ஷை ஒருவரும் கிரீஸை இன்னொருவரும் தனித்தனி விலைப்பட்டியல் பார்த்து வாங்குகிறார்கள். அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டும் சேர்ந்துதான் ஒரு அடைப்பு. எந்தக் கம்பிக்கட்டில் எந்த கிரீஸ் நிற்கிறது என்று சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நான் பார்த்த ஒரு வேலையில், விலை குறைவு என்று வலை இல்லாத, கம்பி நெருக்கம் குறைந்த பிரஷ் வந்து இறங்கியது. பார்வைக்குப் புதிதாகப் பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் கம்பியை விலக்கினால் அடிச்சட்டமே தெரிந்தது. ஓட ஆரம்பித்த கொஞ்ச தூரத்திலேயே கிரீஸ் செலவு ஏறிக்கொண்டே போனது. அப்புறம் ஒருநாள் வளையத்தின் கீழ்ப்பக்கம் சாம்பல் நிறத்தில் கிரவுட் கசிந்தது. பின்னாலேயே மணல் கலந்த தண்ணீர். கசிந்த இடத்தில் ஸ்பாஞ்சை அடைத்து, கிரீஸைக் கூடுதலாக ஏற்றித்தான் நிறுத்தினார்கள். உள்ளே போன கிரவுட் கம்பிக்கு நடுவே இறுகிவிட்டால் அந்தத் துண்டு கல்லாகிவிடும்; அதன்பிறகு அது வளையாது, நிமிராது. தண்ணீரோடு மணலும் தொடர்ந்து வந்தால் ஆபத்து மேலே இருக்கிறது. சுரங்கத்துக்கு மேல் மண் குழிவிழும். மேலே வீடும் தெருவும் இருக்கும்.

சரி, மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். உள்பக்கத்து வரிசைகளை மட்டும்தான் சுரங்கத்துக்குள் இருந்து மாற்ற முடியும். அதற்கும் ஜாக்கியை முழுதாக நீட்டி, வளையம் அந்த வரிசையைத் தாண்டும்வரை இயந்திரத்தை முன்னே தள்ளி, வெளியே இருக்கும் மண்ணை முதலில் இறுக்கிப் பாதுகாப்பு செய்த பிறகுதான் கைவைக்க முடியும். கடைசி வரிசை கைக்கு எட்டவே எட்டாது. அதனால் தூரம் அதிகமென்றால் உள்வரிசையை போல்ட் போட்ட வகையாகவும், எட்டாத வரிசையை இருப்பதிலேயே நல்லதாகவும் கேட்பேன். பணத்தைச் சேமிக்க வேண்டிய இடம் அந்த வரிசை கிடையாது.

நம் ஊர் மண்ணையும் பாறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரியில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் மண்வெட்டி இறங்கும், மறுபக்கம் வெடி வைத்தால்தான் பாறை அசையும். பெங்களூருக்கு அடியிலும் அதே கதைதான். இப்படிப் பாதி மண், பாதி பாறையில் போகும்போது இயந்திரம் மெத்தென்ற பக்கமாக ஒதுங்கப் பார்க்கும். வால் வளையத்தின் மேல் ஒரு பக்கமாகச் சாயும். அப்போது ஒரு பக்கத்து பிரஷ் தட்டையாக நசுங்கும், எதிர்ப்பக்கத்து பிரஷ்ஷுக்கு வளையம் எட்டாமல் போகும். வளைவான பாதையிலும் இதேதான். ஆகவே பிரஷ்ஷின் உயரத்தைச் சராசரி இடைவெளிக்குக் கணக்குப் போடக் கூடாது. அதிகபட்ச இடைவெளியிலும் எட்ட வேண்டும், குறைந்தபட்ச இடைவெளியில் நசுங்கிய பிறகும் நிமிர வேண்டும்.

வெல்டர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அடிச்சட்டத்தில் மட்டும்தான் வெல்டிங் படலாம். நிறுத்தாமல் நீளமாகப் போட்டுக்கொண்டே போனால் சூடு ஏறி, கம்பியின் ஸ்பிரிங் தன்மை போய்விடும். கொஞ்சம் போட்டு, ஆறவிட்டு, அப்புறம் தொடருங்கள். ஆனால் கடைசியில் சந்து விடாமல் முழுச் சுற்றும் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டத்துக்கு அடியில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் கிரீஸ். அது பம்ப்பில் போகும் கிரீஸைவிடக் கெட்டியாக ஒட்டும். கம்பியைக் கொத்துக்கொத்தாக விலக்கி, அடிவரை கையால் அமுக்கி நிரப்ப வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இங்கே அவசரப்பட்டால் அந்த பிரஷ் முதல் நாளே பாதி செத்துவிட்டது.

சுத்தம் செய்யும் பிரஷ்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்ணைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு நைலான் சுழல் பிரஷ் போதும். கம்பி பிரஷ் ரப்பரைத் தின்றுவிடும். பெல்ட் ஓடும் திசைக்கு எதிராகச் சுழல வேண்டும். களிமண் ஒட்டும் இடத்தில் முதலில் ஸ்கிரேப்பர் வழிக்கட்டும், மிச்சத்தை பிரஷ் எடுக்கட்டும். நேராக பிரஷ்ஷை வைத்தால் இழைகளுக்கு நடுவே களிமண் அடைத்துக்கொள்ளும். செக்மென்ட் ஓரத்தில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கெட்டைத் துடைக்க மென்மையான கை பிரஷ். அதிலும் கம்பி வேண்டாம்.

இதில் முக்கியமான இடம் வாலின் அடிப்பகுதி. அடுத்த வளையம் கட்டுமுன் அங்கே சேர்ந்த சேற்றையும் கல்லையும் கூட்டி எடுக்க வேண்டும். அந்தக் கல் வளையத்துக்கு அடியில் மாட்டி டெயில் பிரஷ்ஷுக்குள் இழுபட்டால் கம்பிகளை மடக்கிவிடும். கீழ்ப்பக்கத்து பிரஷ் முதலில் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டுகிற ஆளை உதவியாள் என்று ஓரமாக வைக்காதீர்கள்.

ஓசூர் சிப்காட்டில் கம்பி வேலையும் தகடு வேலையும் தெரிந்த பட்டறைகள் நிறைய இருக்கின்றன. இந்த பிரஷ்ஷைச் செய்து பார்க்க நினைப்பவர்கள், முதல் மாதிரியை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே பொருத்தி, கிரீஸ் நிரப்பி, வேலையிடத்து அழுத்தத்துக்கு மேலே தண்ணீர் ஏற்றி, பல மணி நேரம் விட்டுப் பாருங்கள். பிறகு இடைவெளியைக் குறைத்து நசுக்கி, திரும்ப விரித்து, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டாம் தடவையும் சொட்டாமல் நின்ற துண்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். அதைப் பார்க்க நானே வருகிறேன்.

நன்றி, வணக்கம்.