பதின்பருவத்தின் வாசலில் பிள்ளைகளின் சருமம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். 9 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளின் சருமப் பராமரிப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். தோல் மருத்துவராக இந்த வயதினரைப் பார்க்கும்போது, சருமத்தைக் கவனியாமல் விட்டதால் வந்த தொல்லையைவிட, அளவுமீறிக் கவனித்ததால் வந்த தொல்லையே இப்போது அதிகமாக என் கண்ணில் படுகிறது. கன்னம் சிவந்து, எரிந்து, தோல் உரிந்த நிலையில் வரும் பிள்ளையிடம் முகத்தில் என்னென்ன பூசுகிறாய் என்று கேட்டால், ஐந்தாறு கிரீம்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன.

முதலில் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வோம். பருவமடைதலின் அடையாளங்கள் வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, பெரும்பாலும் 6 முதல் 8 வயதுக்குள், சிறுநீரகங்களின் மேலே அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் சில ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்குகின்றன. அவற்றின் தூண்டுதலால் சருமத்தின் எண்ணெய்ச் சுரப்பிகள் மெல்ல வேலையைத் தொடங்க, நெற்றியிலும் மூக்கிலும் மினுமினுப்பும், அதைத் தொடர்ந்து சிறு வெண்புள்ளிகளும் கரும்புள்ளிகளும் தோன்றுகின்றன. கரும்புள்ளியைப் பார்த்தவுடன் அழுக்கு என்று எண்ணித் தேய்ப்பவர்கள் பலர். மயிர்க்கால் துளையின் வாயில் திரண்ட எண்ணெயும் இறந்த செல்களும் காற்றுப் பட்டுக் கறுத்திருப்பதே அது. தேய்ப்பதால் அது போகாது, சுற்றியுள்ள தோல்தான் புண்படும்.

ஆகவே கழுவுவதில் மென்மை வேண்டும். அமில கார அளவில் 7 என்பது நடுநிலை. நம் சருமத்தின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய மெல்லிய அமிலத் தன்மையோடு இருந்து கிருமிகளையும் வறட்சியையும் தடுக்கிறது. சாதாரண சோப்புக் கட்டியோ பெரும்பாலும் 9 அல்லது 10 என்ற கார அளவில் இருப்பதால், அடிக்கடி பயன்படுத்தினால் அந்தக் காப்பு குலைகிறது. காலையில் வெறும் தண்ணீரும், மாலையிலோ வியர்க்க விளையாடி வந்த பிறகோ ஒருமுறை மென்மையான ஃபேஸ்வாஷும் போதும். வெதுவெதுப்பான நீரில் விரல் நுனிகளால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

அந்த ஈரம் முழுதும் உலர்வதற்குள் ஒரு சாதாரண மாய்ஸ்சரைசரை மெல்லிதாகப் பூசலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மணம் தெரியாத கிரீம் எல்லாமே வாசனைப் பொருள் சேராதது என்று சொல்லிவிட முடியாது. மூலப்பொருள்களின் வாடையை மறைப்பதற்காகவே சிலவற்றில் வாசனைப் பொருளைச் சேர்க்கிறார்கள். தோல் ஒவ்வாமைக்கு அது ஒரு முக்கியக் காரணம். எனவே மூலப்பொருள் பட்டியலைப் படித்துப் பார்ப்பதே பாதுகாப்பு. புதிதாக எதை வாங்கினாலும், முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, வெயில் காப்பு. வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எஸ்பிஎஃப் என்ற அளவு 30 கொண்ட சன்ஸ்கிரீன், சருமத்தைக் கன்றச் செய்யும் புறஊதா பி கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும். ஆனால் போதிய அளவு பூசினால்தான் அந்தப் பயன் கிடைக்கும். வெளியில் இருக்கும்வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். சருமம் எளிதில் எரியும் பிள்ளைகளுக்குத் துத்தநாக ஆக்சைடு உள்ளவை பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன. அகன்ற விளிம்புள்ள தொப்பியையும் நிழலையும் மறந்துவிடாதீர்கள்.

இந்த மூன்றுக்கு மேல் இந்த வயதில் தேவையில்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன். நம் மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. வயது ஏற ஏற அந்த வேகம் குறையும். அப்படித் தளர்ந்த சருமத்தைத் தூண்டுவதற்காகவே முதுமைத் தடுப்பு கிரீம்களில் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பொருளும் பழ அமிலங்களும் சேர்க்கப்படுகின்றன. தளர்ச்சியே இல்லாத பிள்ளையின் முகத்தில் அவை செய்வதெல்லாம், எரிச்சலைக் கிளப்பி, தோலை உரித்து, வெயிலைத் தாங்க முடியாமல் செய்வதுதான். நிறத்தை மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் கிரீம்களை அறவே தவிர்த்துவிடுங்கள். அவற்றுள் சிலவற்றில் பாதரசமும், மருத்துவர் கண்காணிப்பின்றிப் பூசக்கூடாத ஸ்டீராய்டும் கண்டறியப்பட்டுள்ளன.

தோழிகள் வைத்திருப்பதைத் தானும் வைத்துக்கொள்ள விரும்பும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். தானும் வளர்கிறேன் என்ற மகிழ்ச்சி அந்த ஆசையில் இருக்கிறது. அருகில் அமர்ந்து பட்டியலைச் சேர்ந்து படியுங்கள்; பொருத்தமான இரண்டு மாய்ஸ்சரைசர்களில் ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மகன்களுக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்; பலர் அவர்களை விட்டுவிடுகிறார்கள். இரவில் பல் துலக்கும் வேளையோடு முகம் கழுவுவதையும் சேர்த்துவிட்டால், நினைவூட்ட வேண்டிய தேவை விரைவில் குறையும். அவர்கள் முகத்துப் பருவைப் பற்றி மற்றவர் முன்னிலையில் பேசாதிருப்பதும் இந்தப் பராமரிப்பில் அடக்கம் என்றே நான் கருதுகிறேன்.

வலிக்கும் கட்டிகளோ தழும்புகளோ ஏற்பட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 7 வயது நிறையாத பிள்ளைக்குப் பரு வந்தால், ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். செல்லும்போது, பிள்ளை முகத்தில் பூசும் ஒவ்வொன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை நிறுத்த வேண்டும் என்பது பல நேரங்களில் அந்தப் பையிலிருந்தே தெரிந்துவிடுகிறது. வணக்கம்.