மாடு சப்பின சேட்டு

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். தந்தது ஏழு நிமிசம். வாழ்த்துப்பா அடுத்த வருசம்.

“நேர்முகப் பரீட்சையில் வேலை வாங்கித் தருவது தோற்றமா, திறமையா?” நான் திறமை. எதிரணித் தலைவர் மேடையால இறங்கேக்க என்ன சொன்னவர்? “அடுத்து வாறவற்ற சேட்டைப் பாருங்கோ, அயன் பண்ணின சேட்டே அது? இவருக்கு ஆர் வேலை குடுப்பினம்?” நீங்களும் கை தட்டினியள். தட்டினவைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கதை.

1993, ஆவணி மாதம். யாழ்ப்பாணத்தில கோண்டாவில். அப்பாவுக்கு ரவுணில கிளாக்கர் வேலைக்கு நேர்முகம். இருந்தது ஒரேயொரு வெள்ளைச் சேட்டு. யுத்த காலம், பொருளாதாரத் தடை, சவர்க்காரம் இல்லை. 1990 இல போன கரண்டும் வரேல்லை. அயலட்டைக்கெல்லாம் ஒரு சிரட்டைக்கரி அயன்பெட்டி. அது அண்டைக்கு ஒரு கலியாண வீட்டில. அப்பாச்சி பனம்பழத்தைப் பிசைஞ்சு, அந்தக் களியில சேட்டைத் தோய்ச்சுக் கொடியில போட்டா. ஊத்தை போச்சு, மணம் போகேல்லை. சிரிக்கிற பிள்ளையள், பக்கத்தில இருக்கிற அம்மம்மாவைக் கேளுங்கோ.

பனங்களி மணம் ஆருக்குப் பிடிக்கும்? மாட்டுக்கு! பின்னேரம் வந்து பார்த்தால், பக்கத்து வீட்டு நாம்பன் கொடியடியில நிண்டு ஆறுதலாச் சப்புது. சேட்டு இருக்கு, கொலரைக் காணேல்லை. எதிரணித் தலைவரே, உங்கட கவலை அயன் பண்ணாத சேட்டு. எங்கட கவலை மாடு சப்பின சேட்டு!

அப்பாச்சி சேட்டின்ர பின்வாலை வெட்டிக் கொலர் தைச்சா. அப்பா அதைப் பாய்க்குக் கீழ வைச்சு மேல படுத்து எழும்பினார். அயன் முடிஞ்சுது. முன்பக்கம் மாப்பிள்ளை, பின்பக்கம், குனிஞ்சால் சேட்டு வெளியில. சைக்கிளைக் கூடப் பொலிஸ்காரன் மாதிரி நிமிந்திருந்துதான் மிதிச்சவராம்.

அங்க போய்க் கதிரையில இருக்க, பேனை கீழ விழுந்திட்டுது. அப்பா குனியேல்லை. காலால மெல்ல மெல்ல இழுக்கிறார். “தம்பி, எடுமன்” எண்டார் நேர்முகம் எடுத்த பெரியவர். குனிஞ்சார். வந்திட்டுது சேட்டு! அதோட பனம்பழ மணமும். பெரியவர் தன்ர சேட்டுக் கையை ஒருக்கா மணந்து பார்த்திட்டு, “எங்கட வீட்டிலயும் இதுதான் தம்பி” எண்டாராம். பிறகு கணக்குக் கேட்டினம், கடிதம் எழுதச் சொல்லிச்சினம். வேலை கிடைச்சுது. எல்லாற்ற சேட்டும் பனங்களி மணந்தால் மிச்சம் திறமைதானே?

அப்ப ஏன் அப்பாச்சி கொலர் தைச்சவ எண்டு எதிரணி கேக்கும். கேக்கட்டும். பிள்ளையை வெறுங்கழுத்தோட நாலு பேருக்கு முன்னால அனுப்ப மனம் வரேல்லை, அவ்வளவுதான். ஜாம் போத்தல் விளக்கு, மங்கின கண். ஊசி குத்தினால் ரத்தம் வெள்ளையில படக்கூடாதெண்டு விரலைச் சூப்பிச் சூப்பித் தைச்சவ. அந்தச் சேட்டு 1995 இடம்பெயர்வில வீட்டோட போச்சு. அப்பாச்சியும் இப்ப இல்லை.

மணி அடிக்கிறியள், முடிக்கிறன். அப்பா மூண்டாம் வரிசையில இருக்கிறார். பென்சன் எடுத்திட்டார். இப்பவும் எழும்பேக்க ஒரு கை பின்னால போகும், சேட்டு வெளியில வந்திட்டுதோ எண்டு. அப்பா, ஒருக்கா எழும்பி நில்லுங்கோ.