புது இறைச்சியைச் சுவைப்பது மண்ணை அறியவே! – பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

'போகிற ஊரிலும் வீட்டிலும் காட்டு இறைச்சி, பழகாத இறைச்சி என்று தேடிச் சுவைப்பது மண்ணை அறியவா, நாக்கின் ஆசையா?' இதுதான் தலைப்பு. மண்ணை அறியவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "ஆடும் கோழியும் போதாதா? காட்டில் தன் பாட்டுக்குத் திரிகிற உயிரைக் கொன்று தின்ன மனசு எப்படி வருகிறது?" என்று கேட்டார். "இன்றைக்குக் கங்காரு, நாளைக்கு நம்மூர் எறும்புத்தின்னி அலங்கா?" என்றும் கேட்டார். அரங்கம் கைதட்டியது. கைதட்ட வேண்டிய கேள்விகள்தான். பதில் சொல்லாமல் உட்கார மாட்டேன்.

அதற்கு முன்னால் ஒன்று. வழிப்போக்கனுக்கு எந்த நிலத்தில் என்ன சோறு கிடைக்கும் என்று பாட்டாகவே எழுதி வைத்தவர்கள் நாம். பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். மன்னன் இளந்திரையனைத் தேடிக் காஞ்சிக்குப் போகிற பாணர் கூட்டம் வழியெல்லாம் என்ன சாப்பிடலாம் என்று அதில் வருகிறது. வேட்டையாடி வாழும் எயினர் குடியிருப்பில் மேட்டுநிலத்து நெல்லின் சிவந்த சோறும், நாய் பிடித்து வந்த உடும்பின் பொரியலும். இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும். உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் கோழியும். நிலம் மாறினால் சோறு மாறுகிறது, அந்தந்த நிலத்துக்காரர் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடச் சொல்கிறது பாட்டு. பயணம் போனால் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு போ என்று சொல்லவில்லை.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். இங்கே வந்து பதினோரு வருஷம். முதல் ஏழு வருஷம் எங்கே போனாலும் கார் டிக்கியில் புளிசாதமும் ரைஸ் குக்கரும்தான் எங்களுக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே, நாட்டின் நடுவில் இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போனோம். சுமார் 1,500 கிலோமீட்டர். ஊரை நெருங்கும்போது பெட்ரோல் போட நின்ற கடையில், ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி நிறையக் கங்காரு வால். உறைந்து, ரோமத்தோடு, கை நீளத்துக்கு. எங்களுக்கு முன்னால் நின்ற பூர்வகுடி அம்மா ஒருவர் நாலு வால் எடுத்தார். பூர்வகுடி மக்களிடையே மூத்த பெண்களை 'ஆன்ட்டி' என்று அழைப்பது மரியாதை. நாம் பெரியம்மா என்போமே, அந்த மாதிரி. இதை எப்படிச் சமைப்பீர்கள் ஆன்ட்டி என்று என் மனைவி கேட்டாள். "சொன்னால் புரியாது, நாளைக்கு வாங்க" என்றார்.

போனோம். தண்ணீர் இல்லாத ஆறு. மணலில் குழி தோண்டி, முல்கா என்கிற அந்தப் பக்கத்து மரத்தின் விறகை எரியவிட்டிருந்தார். வாலை நெருப்பில் புரட்டிப் புரட்டி ரோமத்தைப் பொசுக்கினார். கத்தி முதுகால் சுரண்டினார். அந்தப் பொசுங்கிய வாசனை வந்ததும் எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது. ஆட்டுக்காலை வாட்டி, மஞ்சள் தடவி, அப்பத்தா சுரண்டும்போது வருமே, அதே வாசனை. அப்புறம் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றித் தணலில் வைத்து, மேலே தணலையும் சுடுமணலையும் தள்ளி மூடினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் பேச்சுதான். வேட்டையில் கிடைத்த கங்காருவில் எந்தப் பங்கு எந்த உறவுக்குப் போக வேண்டும் என்று அவர்களிடம் முறை இருக்கிறது. தன் குலத்துக்குரிய விலங்கைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குலசாமி கோயில் கிடாவெட்டிலும் பங்கு பிரிப்பதற்கு முறை உண்டு, பூசாரிக்கு எது, மாமன் வீட்டுக்கு எது என்று நான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் மகள் தலையைத் தடவினார்.

தாளைப் பிரித்தால் தோல் தானாகக் கழன்றது. எலும்பைச் சுற்றி ஜவ்வும் கொழுப்பும். பாயா சாப்பிட்டால் விரலோடு விரல் ஒட்டுமே, அப்படி ஒட்டியது. உப்பைத் தவிர எதுவும் போடவில்லை. ஏழு வருஷம் இந்த நாட்டில் இருந்து நான் தெரிந்துகொள்ளாததை அன்றைக்கு ஒரு மத்தியானத்தில் தெரிந்துகொண்டேன். அந்த வாலை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது, நடுவர் அவர்களே.

சரி, ஆடும் கோழியும் போதாதா? இந்த மண்ணில் ஆடும் மாடும் யார்? 1788இல் வெள்ளைக்காரர் கப்பலில் வந்து இறங்கியவை. அவற்றின் கெட்டியான குளம்பு இங்குள்ள மெல்லிய மேல்மண்ணை உடைக்கிறது. கங்காருவுக்கு மெத்தென்ற பாதம், அது இந்த மண்ணிலேயே உருவான உயிர். மாடு அசைபோட்டு வெளிவிடும் மீத்தேனோடு ஒப்பிட்டால் கங்காரு விடுவது மிகக் கொஞ்சம். இறைச்சியில் கொழுப்பு 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் தென் ஆஸ்திரேலியாவில் மனிதர் உண்ணக் கங்காரு இறைச்சி விற்கலாம் என்று சட்டம் வந்தது 1980இல்தான். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் 1993 வரை நாய்க்கும் பூனைக்கும்தான் போட முடிந்தது. பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டு உண்டு வாழ்ந்த உணவு அது.

அடுத்தது, கொல்ல மனசு வருமா என்பது. கங்காருவைப் பட்டியில் அடைத்து வளர்ப்பதில்லை. வெட்டவெளியில் பிறந்து, வெட்டவெளியில் மேய்ந்து வளர்கிறது. இறைச்சிக்காக அதைச் சுடுகிறவருக்கு உரிமம் வேண்டும், குறி தவறாது என்று தேர்வில் காட்டியிருக்க வேண்டும். விதி, தலையில் சுட வேண்டும் என்பது. மாநிலங்கள் எண்ணிக்கையைக் கணக்கெடுத்து இந்த ஆண்டு இத்தனைதான் என்று வரம்பு வைக்கின்றன. எதிரணி நண்பர் போதும் என்கிற பிராய்லர் கோழி, பிறந்து சில வாரங்களிலேயே, பெரும்பாலும் வெயிலையே பார்க்காமல் ஷெட்டிலிருந்து நேராக வெட்டுக்குப் போகிறது. அதைத் தின்னும்போது வராத கருணை கங்காருவைப் பார்த்ததும் ஏன் வருகிறது? கங்காருவின் முகம் நமக்குத் தெரியும், கோழியின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். பெண் கங்காருவைச் சுட்டால் பையில் குட்டி இருக்கலாம். அதுவும் சாக வேண்டியதாகிறது. இது எனக்கும் நெருடுகிறது. அதனால்தான் ஆண் கங்காருவை மட்டும் எடுக்கிறார்களா என்று கடையில் கேட்டு வாங்குகிறேன். அப்படி எடுக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. கோழிக்கடையில் ஒரு நாளாவது இப்படி ஒரு கேள்வி கேட்டிருப்போமா? சைவம் சாப்பிடுகிறவர்களோடு எனக்கு வழக்கே இல்லை. கறியும் தின்றுகொண்டு கங்காருவுக்காகக் கண்ணீரும் விடுகிறவர்களிடம்தான் பேசுகிறேன்.

இனி, என் மனசை மிகவும் அறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டகம். 1840இல் முதல் ஒட்டகம் இந்தக் கரையில் இறங்கியது. 1860களிலிருந்து ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவிலிருந்தும் ஒட்டகக்காரர்கள் வந்தார்கள். கம்பளியையும் தண்ணீரையும் தந்திக் கம்பங்களையும் சுமந்து இந்த நாட்டின் நடுப்பகுதியைத் திறந்தவை அந்த ஒட்டகங்கள். 1920களில் லாரி வந்ததும் அவிழ்த்து விட்டார்கள். அவை பெருகின. கோடையில் கூட்டமாக வந்து நீர்நிலைகளை மிதித்து நாசமாக்குகின்றன. அதனால் 2009இலிருந்து 2013 வரை நடந்த ஒரு திட்டத்தில் மட்டும் சுமார் 1,60,000 ஒட்டகங்களைக் குறைத்தார்கள். பெரும்பகுதி ஹெலிகாப்டரிலிருந்து சுட்டவை. சுட்ட இடத்திலேயே விட்டார்கள். தூக்கி வரச் சாலை இல்லை, வாங்க ஆளும் இல்லை. எத்தனை லட்சம் பேர் சாப்பிட்டிருக்கலாம்! இந்த இறைச்சியைத் தேடிச் சாப்பிடுகிற ஒவ்வொருவரும், அதைச் சுமந்து வருவதற்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறோம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நான் தின்ற ஒட்டகக் கறி ஆசைக்குத் தின்றதில்லை. அது மணலில் அழுகியிருக்க வேண்டிய உணவு. 1859இல் விக்டோரியாவுக்குக் கப்பலில் வந்த 24 முயல்கள் இந்த நாட்டை என்ன செய்தன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நம்ம அடிலெய்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் முயல்கறி வாங்கும்போது எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை.

நாளைக்கு அலங்கா என்றார். இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் உடும்பு இருக்கிறது என்று நானே சொன்னேன். ஆனால் இன்றைக்குச் சிவகங்கையில் யாராவது உடும்புக்கறியை நீட்டினால் தொட மாட்டேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். காடு சுருங்கிப்போன இடத்தில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும். அலங்கும் அப்படித்தான். அபூர்வம் என்பதற்காகவே தின்று, போட்டோ எடுத்துக் காட்டுகிறவர்கள் எங்கள் அணியில் இல்லை. இது எத்தனை இருக்கிறது, யார் எடுக்கிறார்கள், இந்த ஊர்க்காரர்கள் தின்கிறார்களா என்று கேட்கத் தெரிந்தவன்தான் எங்கள் அணி.

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்து உப்புநீர் முதலையைப் பாருங்கள். 1971இல் வேட்டையைத் தடைசெய்தபோது சுமார் 3,000தான் மிஞ்சியிருந்தது. இன்றைக்குச் சுமார் ஒரு லட்சம். முதலைப் பண்ணைகளுக்காகக் காட்டுக் கூடுகளிலிருந்து முட்டை எடுக்கிறார்கள், பூர்வகுடிகள் உட்பட நிலத்துக்குரியவர்களுக்கு அதற்குப் பணம் போகிறது. அதனால் ஆளைத் தின்கிற விலங்கைக்கூட அந்தச் சதுப்பு நிலத்தில் வாழ விடுகிறார்கள். பண்ணை முக்கியமாகத் தோலுக்காகத்தான், இறைச்சி கூடவே வருவது. அதை வீணாக்காமல் தின்பது தப்பா, நடுவர் அவர்களே?

கடைசியாக வீடு. கங்காருவை முதல் தடவை ஆட்டுக்கறி மாதிரி குக்கரில் ஐந்து விசில் விட்டேன். நார் நாராகப் போனது. கொழுப்பில்லாத இறைச்சிக்கு நேரம் ஆக ஆக ஈரம் போய்விடும். இப்போது மெல்லிசாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் இஞ்சிபூண்டும் பிசறி வைத்துவிடுகிறேன். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் புகையும்போது சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு வதக்கி, அப்புறம் கறியைப் போட்டு மூன்றே நிமிஷம். இறக்கும்போது இடித்த மிளகு. போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். இந்த ஊரிலேயே பிறந்தவர், எழுபதை நெருங்குகிறவர். அது எங்கள் நாட்டுச் சின்னத்தில் இருக்கிற விலங்கு, நான் தின்றதே இல்லை என்றார். ஒரு துண்டு எடுத்தார். அப்புறம் தட்டை நீட்டினார். ஆற்றுமணலில் ஆன்ட்டி சொன்னதையெல்லாம், பங்கு பிரிக்கும் முறை உட்பட, அவருக்கு என் மகள் சொன்னாள். தன் ஊரைப் பற்றி ஒரு தமிழ்க் குழந்தை சொல்வதை அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டி, மார்க்கெட்டில் எந்தக் கடை என்று கேட்டார்.

தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.